கோமதியின் காமிக்ஸுக்கு நான் வரைந்த மீசைகள்

அனைவருக்கும் ஓர் அறிவிப்பு: சங்கரன்கோவில் வரலாற்றிலேயே ஒரே நாளில் ஒருவனுக்கு எண்பத்திரண்டு மீசை வைத்த சாதனை இனி என்னுடையது.

மீசை வாங்கியவன் ஒரு ஜப்பான் காதல் காமிக்ஸின் கதாநாயகன். அதில் மனைவி லாரி ஓட்டுவாள். கணவன் வீட்டில் பூத்தையல் போடுவான். அவள் வருகிற நேரம் தலையில் பூ வைத்துக்கொண்டு வாசலில் நிற்பான். அவளும் அவனை ஆசையாகப் பார்ப்பாள்.

புத்தகம் என் பெஞ்ச்காரன் கோமதிநாயகத்துடையது. பெயரைப் பாதியாக வெட்டி, 'கோமதி' என்று கூப்பிட ஆரம்பித்ததும் நான்தான்.

இன்று காலை புளியங்குடி பஸ்ஸில் திருப்பிக் கொடுத்தேன். சிரிப்பான் என்று காத்திருந்தேன். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினான்.

"இவனையும் விட்டுவைக்கலியால?" என்றான்.

"சும்மா விளையாட்டுக்குத்தாம்ல, மக்கா."

"இந்தப் புஸ்தகத்துக்குள்ள மட்டுந்தாம்ல இவன யாரும் கேலி பண்ணாம இருந்தானுவ."

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, முன்னால் போய் நின்றுகொண்டான். பஸ்ஸில் இடம் நிறையவே காலியாகக் கிடந்தது.

பால்பாயின்ட் பேனா மையை அழிக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ரப்பர் போட்டுத் தேய்த்ததில் மூன்றாம் பக்கத்தில் அவன் முகமே கிழிந்துவிட்டது.

இன்னொன்று. என் ப்ரொஃபைல் படத்தில் இருக்கிற மீசையும் அக்காவின் ஐப்ரோ பென்சிலில் வரைந்ததுதான்.