பேருந்து நிறுத்தத்தில் தம்பியின் படம்

காங்கேயத்துக்கு வெளியே, அப்பா வேலை பார்த்த எண்ணெய் மில்லின் சிமெண்ட் களத்தில்தான் என் தம்பி வாலிபால் பழகினான். பகலெல்லாம் அங்கே தேங்காய்ப் பருப்பு காயும். சாயங்காலம் பருப்பைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியதும் மில் ஆட்கள் நெட் கட்டுவார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு நானும் அதே களத்தில் வேலை செய்துகொண்டிருந்ததால் அவன் ஆட்டம் எல்லாமே பார்த்திருக்கிறேன். பார்த்தேன் என்று சொல்வதும் சரியில்லை. அவன் எகிறும்போது கண்ணை மூடிக்கொள்வேன். கால் தரையில் ஊன்றும் சத்தம் கேட்ட பிறகுதான் திறப்பேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய களம். வழுக்கினால் முழங்கால் என்ன ஆகும்?

"ஏக்கா, நான் பாயிண்ட் அடிச்சதையாவது பாத்தியா?" என்று கேட்பான்.

"எறங்குனதப் பாத்தேன். அது போதும் போடா."

அந்த வாலிபால்தான் அவனைக் கோயமுத்தூர்க் கல்லூரிக்குக் கொண்டுபோனது. பல்கலைக்கழக அணியில் ஆடினான். விளையாட்டுக்காரன் என்று ரயில்வேயில் எடுத்துக்கொள்வார்கள், கல்யாணமாகிப் போத்தனூரில் இருக்கும் என் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடிவருவான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவனோ பரீட்சை எழுதி, விமானப்படைக்குத் தேர்வாகிவிட்டேன் என்று இனிப்போடு வந்து நின்றான்.

"ஆளுகள ஏத்தீட்டுப் போற பிளேனுதானுங்களே?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"சண்டை பிளேனாம். உன்ற தம்பிக்கு எகிறி அடிக்காம இருக்க முடியுமா?" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு விடுமுறையில் வந்தவனிடம், வாலிபாலும் அதுவும் ஒன்றுதானா என்று கேட்டேன்.

"பாதி ஒண்ணுதாங்க்கா. பந்து வாரதுக்கு முன்னாடியே எங்க வருமுன்னு தெரியோணும். ஆனா நெட்டுக்கு அந்தப் பக்கம் ஆளு நிக்கமாட்டான். எங்கியோ தூரத்துல இருந்து அடிப்பான். மூஞ்சியே தெரியாது."

ரசத்தைச் சோற்றில் ஊற்றிக்கொண்டே, ஏதோ மழை வரும் போலிருக்கிறது என்பதுபோலச் சொன்னான்.

அப்புறம் எல்லையில் சண்டை மூண்டது. அப்பா காலமாகிவிட்டதால் காங்கேயத்து வீட்டில் அம்மா தனியாக இருந்தாள். நான் பஸ் ஏறிப் போய்விட்டேன். கடைசியாகப் பேசியபோது தம்பி, "போன் ஆப்ல இருக்கும். டிவி பாக்காதீங்க" என்று மட்டும் சொல்லியிருந்தான். நாங்கள் டிவியைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. ஒரு சேனலில் நம் விமானம் ஒன்று திரும்பவில்லை என்றார்கள். இன்னொன்றில் அது பொய் என்றார்கள். அம்மா சேனலை மாற்றச் சொல்வாள். மாற்றினால், பழையதற்கே போகச் சொல்வாள்.

ஒரு நாள் காலையில் மேட்டுப்பாளையத்து மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பாக்கு வியாபாரம் செய்பவர். அத்தையும் கூட வந்திருந்தாள். வருகிறோம் என்று போனில் சொல்லவில்லை.

"வா கண்ணு, வாங்கம்மணி" என்றாள் அம்மா.

இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. எங்கள் பக்கம் விருந்தாளியும் பதிலுக்கு "வாங்க" சொல்லித்தான் படியேறுவார். அந்த வார்த்தை இல்லாமல் ஆட்கள் நுழைவது சாவு வீட்டுக்குள் மட்டும்தான். மாமா தலையைக் குனிந்தபடி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். நான் நீட்டிய தண்ணீர்ச் சொம்பை வேண்டாம் என்று கையால் விலக்கினார். அத்தை நேராகப் போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினாள்.

அம்மா அழவில்லை. அத்தையின் தோளுக்கு மேலாக மாமாவைப் பார்த்து, "எப்ப?" என்று கேட்டாள்.

மாமா திகைத்துப்போய் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குச் சேதி வல்லீங்களா?"

"என்ன சேதி மாமா? ஆரு சொன்னா?"

அவர் போனை எடுத்துக் காட்டினார். டிவியே கதியென்று இருந்ததில் நான் திறக்காமல் விட்ட சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் வந்த படம். ஓடும் பஸ்ஸிலிருந்து யாரோ எடுத்தது. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் பெரிய பிளக்ஸ். சீருடையில் தம்பி. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பூவில் வளையம். மேலே ‘எங்கள் மண்ணின் வீரமகனே’ என்று எழுத்து. கீழ்ப்பாதியைத் தேங்காய் ஏற்றிய டெம்போ ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. படத்துக்குக் கீழே சொந்தங்கள் வரிசையாகக் கைகூப்பியிருந்தார்கள்.

செருப்புப் போடாமல் ஓடினேன். நிறுத்தம் பக்கம்தான், ஆனால் மாமாவின் கார் வந்த வழியில் இல்லை. டெம்போ போயிருந்தது. பிளக்ஸின் கீழே, கொட்டை எழுத்தில், ‘வெற்றியோடு திரும்பி வா! இப்படிக்கு வாலிபால் குழுவினர்.’

தம்பியோடு களத்தில் ஆடிய மில் பிட்டர் ஒருவர் அங்கேயே நின்று, காற்றில் தளர்ந்த கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி! எப்படிங்க வந்திருக்குது? கோயமுத்தூருல குடுத்து அடிச்சது."

"எதுக்குங்கண்ணா மலர்வளையம் வெச்சீங்க?"

"வளையமுங்களா? அது வாகை மாலைங்க. டோர்னமெண்டுல கப்பு அடிச்சா வெப்பமல்லோ, அதேதான். எல தான் கேட்டோம். வெள்ளப் பூவுன்னா எடுப்பா இருக்குமுன்னு கடைக்காரன் போட்டுட்டா…"

சொல்லிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் அவர் கண்ணுக்கும் அது தெரிந்தது. இறுக்கிய முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பொய்ச்சாவு சொன்னா ஆயுசு கெட்டிங்க" என்றாள்.

"ஒரு போன் பண்ணியிருக்கலாமல்லோ மாமா?"

"எழவு ஊட்டுக்குப் போனைப் போட்டு, ஏனுங்க, செத்தது நெசந்தானுங்களான்னு கேக்கச் சொல்றியா கண்ணு?"

அவர் சொன்னதும் நியாயம்தான். ஆனால் அந்தப் பிளக்ஸ் சாவுக்கு வைத்ததில்லை என்பதுதான் தெரிந்ததே தவிர, தம்பி உயிரோடு இருக்கிறான் என்பது இன்னும் தெரியவில்லை. அம்மாவுக்கு அது புரிந்திருந்தது. "எனக்கு மட்டும் யாராச்சும் நெசத்தச் சொல்லுங்க" என்றாள். டிவியை மாமா அணைத்தார். அம்மாவின் போனைப் பெஞ்சில் வைத்துவிட்டு நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உச்சி வெயிலில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அம்மாதான் எடுத்தாள்.

"கண்ணு, சாப்டியா?"

மாமா பெஞ்சில் அப்படியே சாய்ந்துவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போனை என்னிடம் தந்து, முகத்தைக் கழுவப் போனாள். நான் பிளக்ஸ் கதையைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். மேட்ச் முடிந்து வந்தால் ஒவ்வொரு பாயிண்டையும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்கிறவன், ஒன்றை மட்டும் கேட்டான்.

"அம்மா பக்கத்துல இருக்குதா?"

"இல்ல."

"அப்பக் கேட்டுக்க. டிவி சொன்னாலும் நம்பாத, மாமா சொன்னாலும் நம்பாத. அப்படி ஒண்ணுன்னா யூனிபார்ம் போட்டவங்க நேருல வருவாங்க. அவங்க சொன்னாத்தான் நெசம். அம்மாகிட்ட மொதல்ல போகவேண்டாம்னு உன்ற போத்தனூர் அட்ரஸக் குடுத்திருக்கேன்."

"என்னடா பேசற நீ?"

"நீதாங்க்கா அம்மாகிட்டச் சொல்லோணும். வேற ஆரு சொன்னாலும் தாங்காது. வெச்சர்றேன், கூப்புடறாங்க."

பிறகு சண்டை நின்றது. நின்றதா என்று அவனிடம் கேட்டதற்கு, "நிறுத்தி வெச்சிருக்காங்க" என்றான்.

நான் போத்தனூருக்குத் திரும்பிவிட்டேன். தம்பி சொன்னதை அம்மாவிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். அவர் வேலைக்குப் போனபின் நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கும் போவதில்லை. யூனிபார்ம் போட்டவர்கள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு, விசாரித்துக்கொண்டு நேரே காங்கேயத்துக்குப் போய்விட்டால்? காய் வாங்குவதுகூட வாசலில் வரும் வண்டியில்தான். தெருமுனையில் ஜீப் சத்தம் கேட்டால், அது எந்த வீட்டைத் தாண்டுகிறது என்று காது தானாகவே கணக்குப் போடுகிறது.

அம்மா நேற்றும் போன் பண்ணினாள். "ஏங்கண்ணு, பெத்தவளப் பாக்க ஒரு நாளு வரக்கூட உனக்கு நேரமில்லாமப் போச்சா? அப்படியென்ன வேல?"

"வேலதாம்மா" என்றேன், கேட்டைப் பார்த்துக்கொண்டே.