இரண்டு கேபிள் தூரம்

நீலாவதி காகிதத்தில் ஒரு மஸ்தூர். மண் சுமப்பது, புல் வெட்டுவது, கல் அடுக்குவது, இதர உடலுழைப்பு என்று அவளுடைய நியமன உத்தரவில் கடமைகள் வரிசையாக இருக்கின்றன. வடக்கு அந்தமானில், திக்லிபூரில் உள்ள அந்த அரசு அலுவலகத்துக்குப் பதினாறு வருடங்களாகப் போய்வருகிறாள். இதுவரை ஒரு கூடை மண் சுமந்ததில்லை. கடிதம் தட்டச்சு செய்கிறாள், காணாமல் போன கோப்பைக் கண்டுபிடித்துக் கொடுக்கிறாள், இந்தியிலும் ஆங்கிலத்திலும் வரும் அறிவிப்புகளைத் தமிழில் எழுதுகிறாள். மொழிபெயர்ப்பாளர் என்று அங்கே ஒரு பதவி உண்டு. அதில் ஆள் இல்லை. மஸ்தூர் பதவியில் ஆள் உண்டு, சுமக்க மண் இல்லை.

அவளுடைய அப்பாவும் அம்மாவும் பரமக்குடிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கேதான். புருஷன் சிவஞானம் போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து ஓடும் தீவுக் கப்பலொன்றில் எஞ்சின் அறையில் வேலை பார்க்கிறான். மாதத்தில் இரண்டு தடவை வீட்டுக்கு வருவான்.

போன டிசம்பரில் ஊருக்குக் கிழக்கே உள்ள கடற்கரையில், ஓடை கடலோடு சேரும் இடத்தில், முதலை ஒன்று ஒரு நாயை இழுத்துக்கொண்டு போனது. சுற்றுலாப் பயணிகள் குளிக்கும் இடம் அது. உடனே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. உத்தரவோடு மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆலோசகரும் வந்தார். முப்பது வருடம் கப்பல்களில் இருந்து ஓய்வு பெற்றவர். நிலத்தில் நடக்கும்போதும் கால்களை அகட்டி வைத்தே நடப்பார். அவர் எழுதித் தந்த வாசகம் இது: 'முதலை உண்டு. குளிப்பவர்கள் ஓடை முகத்திலிருந்து இரண்டு கேபிள் தூரம் விலகி இருக்கவும்.'

தமிழில் எழுத உட்கார்ந்த நீலாவதி, எழுந்து அவர் அறைக்குப் போனாள்.

"சாப், கேபிள் மதலப்?" என்று அர்த்தம் கேட்டாள்.

"கேபிள் தெரியாதா? ஒரு நாட்டிக்கல் மைலில் பத்தில் ஒரு பங்கு" என்றார் இந்தியில்.

"நாட்டிக்கல் மைல் மதலப், சாப்?"

"பத்து கேபிள்" என்று சொல்லிவிட்டு அவர் டீ குடித்தார்.

அன்று சாயங்காலம் அவள் சிவஞானத்துக்குப் போன் செய்தாள். "கப்பல்ல கேபிள் கேபிள்னு சொல்வாங்களாமே, அது எவ்வளவு தூரங்க?"

"நான் எஞ்சினுக்குள்ள இருக்கேன். எனக்கு வெளிய கடல் இருக்கான்னே தெரியாது. மேல டெக்குல இருக்கிற செராங்கைக் கேட்டுச் சொல்றேன், இரு" என்றான். சற்று நேரத்தில் திரும்ப அழைத்தான். "நூத்தி எம்பத்தஞ்சு மீட்டராம். எதுக்குக் கேக்குற? கப்பல் வாங்கப் போறியா?"

நீலாவதி தமிழ் வாசகத்தில் 'இரண்டு கேபிள், அதாவது முந்நூற்று எழுபது மீட்டர்' என்று எழுதினாள். ஆலோசகர் கடைசிச் சொற்களைச் சிவப்பு மையால் அடித்தார். மொழிபெயர்ப்பு என்றால் மூலத்துக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது என்றார். கடற்கரையில் கடல் அளவுதான் முறை என்றும் சொன்னார்.

ஐந்து மொழிகளில் பலகை எழுந்தது. பார்ப்பவர் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக அதை ஓடை முகத்திலேயே நட்டார்கள். இரண்டு கேபிள் விலகி நிற்கச் சொல்வதைப் படிக்க, முதலையிடம் பத்தடி வரைக்கும் போக வேண்டியிருந்தது.

கேபிள் என்றால் அந்தமானில் யாருக்கும் ஒன்றுதான் நினைவுக்கு வரும். சென்னையிலிருந்து கடலுக்கடியில் போர்ட் பிளேர் வரைக்கும் வந்த இன்டர்நெட் கேபிள். பலகை வைத்த மறுநாளே பஞ்சாயத்துத் தலைவர் தன் முயற்சியால் ஊருக்கு இரண்டு கேபிள் வருகிறது என்று ரசகுல்லா கொடுத்தார். புது இணைப்புக்கு எங்கே மனுக் கொடுப்பது என்று கேட்டு ஆறு பேர் நீலாவதியிடம் வந்தார்கள்.

வலை வீசும் அழகர்சாமி வேறு மாதிரிப் புரிந்துகொண்டார். ஓடைக்கு மேலே இரண்டு மின்கம்பிகள் போகின்றன. அவற்றைத் தாண்டி ஏழடி தள்ளி நின்று வலை வீசினார்.

"அண்ணே, அங்க நிக்காதீக. முதலை வந்து இழுத்துட்டுப் போயிரும்" என்று நீலாவதி கத்தினாள்.

"நீதான தாயி எழுதிப் போட்டிருக்க. ரெண்டு கேபிளையும் தாண்டித்தான் நிக்கேன். மேல பாரு" என்றார் அவர்.

புகார்கள் வந்ததும் கூட்டம் கூட்டினார்கள். மக்களுக்குத் தெரிந்த ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று முடிவாயிற்று. ஆலோசகர் கணக்குப் போட்டுப் பார்த்து, இரண்டு கேபிள் என்பது பதினைந்தரை ரயில் பெட்டி என்று கண்டுபிடித்தார். இந்தியாவில் ரயில் தெரியாதவர் யார் என்றார். இந்தத் தீவுகளில் ஓரடி தண்டவாளம்கூடக் கிடையாது. நீலாவதிக்கு நாற்பத்தோரு வயது. ரயிலை டிவியில் பார்த்திருக்கிறாள், அதில் அது தூரத்தில் சின்னதாக வளைந்து போகும். அதைச் சொல்லலாமா என்று யோசித்தாள். கூட்டத்தில் ஒரு மஸ்தூர் பேசலாமா என்பது பற்றி விதி ஏதும் இல்லாததால் பேசவில்லை.

இரண்டாவது பலகை ஒரு மாதம் நின்றது. அரைப் பெட்டி எந்தப் பக்கத்து அரை என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியாரைக் கேட்டார்கள். மீண்டும் கூட்டம். இந்த முறை ஆலோசகர் முகம் மலர்ந்து வந்தார். குதுப்மினாரின் உயரம் எழுபத்து மூன்று மீட்டர். ஐந்து குதுப்மினார் என்றால் கிட்டத்தட்ட இரண்டு கேபிள். பின்னம் இல்லை, சந்தேகம் இல்லை, நாட்டின் பெருமையும் கூடவே வருகிறது. மூன்றாவது பலகை சொன்னது: 'ஓடை முகத்திலிருந்து, படுக்க வைத்த ஐந்து குதுப்மினார் தூரம் விலகி இருக்கவும்.'

இந்தப் பலகை மிகவும் பிரபலமானது. ஹேவ்லாக் தீவோடு திரும்பிவிடுகிற பயணிகள்கூட அதன் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ளத் திக்லிபூர் வரைக்கும் வந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை நீலாவதி அழகர்சாமியிடம் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தாள். இரண்டு பயணிகள் முழங்கால் தண்ணீரில் நின்று, பலகையைப் பார்த்தபடி, குதுப்மினார் உயரமா தாஜ்மகால் உயரமா என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு கட்டை மிதந்தது. கட்டைக்குக் கண் இருந்தது.

"அரே பாய், பாஹர் ஆவோ! ஜல்தி!" என்று வெளியே வரச் சொல்லி அவள் அலறிக்கொண்டு ஓடினாள். அழகர்சாமி ஒருவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார், அவள் இன்னொருவரின் பையைப் பிடித்து இழுத்தாள். நால்வரும் மணலில் விழுந்தபோது கட்டை மெதுவாக அமிழ்ந்துபோனது. விழுந்தவர்களில் ஒருவர் மூச்சு வாங்கியபடி, "நாங்கள் நின்றது எத்தனை மினார்?" என்று கேட்டார்.

அன்று இரவு நீலாவதிக்குக் கோபம் வந்தது.

அந்தக் கரையோரம் அரசாங்கம் நட்ட தென்னை வரிசை ஒன்று ஓடையிலிருந்து தெற்கே போகிறது. மரத்துக்கு மரம் இருபத்தைந்து அடி. அந்த நடவு உத்தரவைத் தட்டச்சு செய்ததே அவள்தான். ஞாயிற்றுக்கிழமை காலை அவளும் அழகர்சாமியும் ஓடை முகத்திலிருந்து எண்ணிக்கொண்டே நடந்தார்கள். நாற்பத்தொன்பது இடைவெளி, ஐம்பதாவது மரம். முந்நூற்று எழுபதுக்கு மேல் மூன்று மீட்டர் கூடவே வந்தது. அங்கே நின்று திரும்பிப் பார்த்தால் பலகை ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரிந்தது.

"ஆத்தாடி, ரெண்டு கேபிள்னா இம்புட்டுத் தூரமா!" என்றார் அழகர்சாமி. "அம்பது தென்னைன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் ஏன் தாயி கம்பிக்கடியில போயி நிக்கேன்?"

பலகைக்கு வாங்கி மீந்திருந்த சிவப்புப் பெயிண்டை அவள் ஐம்பதாவது மரத்துக்கு இடுப்பளவு பூசினாள். 'இதற்குத் தெற்கே குளி' என்று தமிழிலும் இந்தியிலும் எழுதினாள். பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் வங்காளி அம்மா தன் மொழியில் ஒரு வரி சேர்த்தார். ஒரு வாரத்தில் ஊரெல்லாம் அதற்கு 'லால் நாரியல்', சிவப்புத் தென்னை, என்று பெயர் வைத்தது. ஆட்டோக்காரர்கள் பயணிகளை நேராக அங்கேயே இறக்கிவிட்டார்கள். யாரும் யாரையும் விளக்கம் கேட்கவில்லை.

விளக்கம் கேட்டது அலுவலகம்தான். அனுமதியின்றி அரசு மரத்துக்கு வர்ணம் பூசியது ஏன், தென்னையை நீள அளவாகப் பயன்படுத்த எந்த விதியில் இடம் இருக்கிறது, மூன்று நாளில் பதில் தரவும் என்று குறிப்பாணை. அதைத் தட்டச்சு செய்யும் வேலை வழக்கம்போல நீலாவதியிடம் வந்தது. தன் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அடித்து, அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, தனக்குத் தானே கொடுத்து, பெற்றுக்கொண்டதாகவும் கையெழுத்துப் போட்டாள்.

தினக்கூலி மஸ்தூரை நிறுத்தக் காரணம் தேவையில்லை. இரண்டு நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "மன்னிச்சிருங்கன்னு எழுதிக் குடுத்துரு. மாஃபி கேட்டா முடிஞ்சுது" என்று சிவஞானம் போனில் சொன்னான். அவள் பெட்டியைத் திறந்து தன் நியமன உத்தரவை எடுத்தாள். அதை எடுத்து எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. மெதுவாக ஒவ்வொரு வரியாகப் படித்தாள்.

மூன்றாம் நாள் அவள் கொடுத்த பதில் இதுதான்: 'மரத்துக்கு வர்ணம் பூசுவது எனது நியமன உத்தரவில் கண்ட இதர உடலுழைப்பில் அடங்கும். பதினாறு வருடங்களில் என் பதவிக்குரிய வேலையை முதன்முறையாகச் செய்திருக்கிறேன். தாமதத்துக்கு வருந்துகிறேன்.'

ஆலோசகர் அதை இரண்டு முறை படித்தார். மேலே அனுப்பினால் பதினாறு வருடம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று கேள்வி வரும் என்பது அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கோப்பு அலமாரிக்குள் போனது.

மார்ச்சில் போர்ட் பிளேரிலிருந்து பெரிய அதிகாரி ஆய்வுக்கு வந்தார். சிவப்பு மரத்தைப் பார்த்து, "இது நல்ல யோசனையாயிற்றே" என்றார்.

"கடல் அளவை உள்ளூர் முறைக்கு மாற்றும் திட்டம், சார். எட்டு மாதம் உழைத்தோம்" என்றார் ஆலோசகர். அவர் வந்தே மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஏப்ரலில் பாராட்டுச் சான்றிதழோடு மெயின்லேண்டுக்குக் கப்பல் ஏறினார். நீலாவதி வழியனுப்புக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டாள். அதுவும் உடலுழைப்புதான் என்று அழகர்சாமியிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சான்றிதழைத் தட்டச்சு செய்ததும் அவள்தான்.

ஜூலைக் காற்றில் ஐம்பதாவது மரம் விழுந்துவிட்டது. மரம் விழுந்ததால் பாதுகாப்புத் தூரம் இன்னும் அமலில் உள்ளதா என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. பதில் எழுத அதை நீலாவதியிடம் கொடுத்தார்கள். அவள் அதை மேசையில் வைத்துவிட்டு, மழை சற்று விட்டதும் பெயிண்ட் டப்பாவோடு கடற்கரைக்குப் போய் ஐம்பத்தோராவது மரத்துக்குச் சிவப்பு அடித்துவிட்டு வந்தாள்.

"நாப்பத்தொம்பதாவது மரத்துக்கே அடிச்சிருக்கலாமே தாயி?" என்று அழகர்சாமி கேட்டார்.

"இருக்கட்டும்ணே. முதலைக்கு ஒரு மரம் கூடவே விட்டுக் குடுப்போம்" என்றாள் அவள்.