ரெண்டு ஆப்செட் இருக்கு என்று எழுதிய கதை

சிவகாசியில் டைரி அச்சடிக்கும் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் எனக்கு வேலை. வெளிநாட்டு ஆர்டர்களுக்குக் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. ஒருநாள், எங்களிடம் டைரி வாங்கும் ஜெர்மன் கம்பெனி ஒரு கேள்வித்தாள் அனுப்பியது. கார்பன் எவ்வளவு வெளியேறுகிறது, அதற்கு என்ன ஆப்செட் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன்.

"ஆப்செட்டா? அது தெரியாமலா இம்புட்டு வருசம் ஆர்டர் குடுத்தாக? அச்சடிக்க ரெண்டு ஆப்செட் மிசின் இருக்கு, நாலு கலர்னு எழுதிருங்க தாயி."

"கார்பன், அண்ணாச்சி?"

"பில் புக்குக்கே இப்ப யாரும் கார்பன் தாள் வைக்கிறதில்ல. இல்லைன்னு போடுங்க."

எனக்கும் சந்தேகம் வரவில்லை. அப்படியே அனுப்பிவிட்டேன்.

மறுவாரம் அவர்களுடைய சென்னை அலுவலகத்து அம்மா ஒருவர் போன் செய்தார். கொஞ்ச நேரம் சிரித்துவிட்டு, பொறுமையாக விளக்கினார். ஜெனரேட்டர் டீசல், கரன்ட், லாரி எல்லாவற்றாலும் கரியமில வாயு காற்றில் சேர்கிறது. முதலில் அதைக் குறைக்க வேண்டும். எவ்வளவு குறைத்தும் மிஞ்சுகிற அளவை மரம் வளர்ப்பது போல வேறொரு வழியில் காற்றிலிருந்து திரும்ப எடுக்க வேண்டும்; அவர்கள் கேட்ட ஆப்செட் அதுதான், அச்சு மெஷின் இல்லை. விட்டதும் எடுத்ததும் சமமானால் அதுதான் நெட் ஜீரோ.

முதலாளிக்குக் கடைசிப் பாதி மட்டும் பிடித்துப்போனது. மல்லாங்கிணற்றில் அவருக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. எல்லோரும் லாரியில் போய் வேப்பங்கன்றுகள் நட்டோம். அந்த மானாவாரிக் காட்டில் தண்ணீர் ஏது? இரண்டு நாளைக்கு ஒரு தடவை டேங்கர் லாரி போனது.

ஆமத்தூரிலிருந்து வரும் மெஷின்மேன் ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, லாரி விடுத புகையையெல்லாம் இந்தக் கன்னு எந்தக் காலத்துல குடிச்சு முடிக்கும்?"

அந்த வாரமே ஆடுகள் உள்ளே புகுந்து கன்றுகளைத் தின்று, பேச்சை அத்தோடு முடித்துவைத்தன.

நடந்ததை மறைக்காமல் சென்னை அம்மாவுக்கு எழுதினேன். "மரம் இருக்கட்டும், முதல்ல உங்க கட்டடத்துக்குள்ள எது வீணாகுதுன்னு பாருங்க" என்றார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெஷின்களை நிறுத்திவிட்டுக் காதுகொடுத்தோம். ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம். மெஷின்களுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரெசரின் குழாயில் அங்கங்கே காற்று ஒழுகியது. அதை ஈடுகட்ட, வேலையில்லாத நேரத்திலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒழுகலை அடைத்ததும் கரன்ட் செலவு இறங்கியது. அதைத்தான் கேள்வித்தாளில் புதிதாக எழுதினேன். நெட் ஜீரோவுக்கு இன்னும் வெகுதூரம் போக வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதினேன். ஆர்டர் வந்தது.

எல்லோருக்கும் சந்தோஷம், பைண்டிங்கில் இருக்கும் ஒரு அக்காவைத் தவிர. சாப்பிட்டுவிட்டு கம்ப்ரெசர் பக்கத்தில் தலைசாய்ப்பது அவர் வழக்கம்.

"அங்கன சத்தமே இல்ல. கண்ணு அசர மாட்டேங்குது. ஒரேயொரு ஓட்டையாச்சும் விட்டிருக்கக் கூடாதா?" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.