சத்தம் போட்டுப் படித்த இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். படிப்பு எப்படி இருக்கும் என்பது அப்பாவுக்குத் தெரியாது. எப்படிக் கேட்கும் என்று மட்டும் தெரியும். மிஷன் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கூட்டமாக வாய்ப்பாடு கத்துவதைக் கேட்டுக் கேட்டு, படிப்பென்றால் சத்தம் என்று முடிவு செய்திருந்தார். நான் மனதுக்குள் வாசித்தால் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்திலிருந்து குரல் வரும்.

"எலே, சத்தத்தக் காணல்லியே! ஒறங்கிப்போனியா?"

அப்போது நான் சர்க்கார் குமாஸ்தா பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கடினமான இங்கிலீஷ் வார்த்தைகளுக்குப் பொருள் எழுத வேண்டும். அப்பா முன்னமே சொல்லிவிட்டார்: "இந்த ஒரு தடவையாக்கும். தோத்தா மம்பட்டி உண்டு, தோட்டம் உண்டு."

மலையாள ஆட்சியில் இருந்த எங்கள் ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்த காலம் அது. ஊர்வலத்துக்குத் தடை. பாறசாலை ரோட்டில் எந்நேரமும் போலீஸ். ஆனால் ஒருவர் உரக்க ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் பதில் முழக்கம் போடுவது எல்லார் வாயிலும் பழகிப்போயிருந்தது.

பரீட்சைக்கு முந்தின நாள் அகராதியில் 'டி' எழுத்துக்கு வந்திருந்தேன். முற்றத்தில் பெண்கள் மரச்சீனி சீவிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"டிரானி!" என்று கத்திவிட்டு, பொருள் சொல்ல மூச்சு இழுத்தேன்.

"வாழ்க!" என்றார்கள் பெண்கள்.

ஒரே சிரிப்பு. "நல்ல தொண்டையாக்கும் மக்கா ஒனக்கு. அடுத்ததச் சொல்லு."

"டர்மாயில்!"

"வாழ்க!"

"ட்ரெச்சரி!"

"வாழ்க! வாழ்க!"

வேலிக்கு அப்பால் தொப்பி தெரிந்தது. ஹெட் கான்ஸ்டபிள் உள்ளே வந்தார். பெண்கள் தலையைக் குனிந்து, மரச்சீனியைத் தவிர உலகத்தில் வேறொன்றும் இல்லை என்பதுபோல் சீவத் தொடங்கினார்கள்.

"எந்தடா முத்திராவாக்கியம்?" என்று மலையாளத்தில் அதட்டினார்.

"முழக்கம் இல்ல சார், படிப்பாக்கும்."

"டிரானி என்னால் எந்தா?" என்று பொருள் கேட்டார்.

"கொடுங்கோல் ஆட்சி, சார்."

அவர் முகம் மாறியது. மற்ற இரண்டும் கலவரம், துரோகம் என்பதை அவர் கேட்டு அறிவதற்குள் நான் அவசரமாகச் சேர்த்தேன்: "ஆனா சார், அத ஒழிக எண்ணு யாரும் சொல்லல்ல. வாழ்க எண்ணுதான் சொன்னாவ!"

ஸ்டேஷனுக்கு நடத்திக்கொண்டு போனார்.

அகராதியை மார்போடு அணைத்தபடி, காலில் தோட்டத்து மண்ணோடு அப்பாவும் பின்னால் ஓடி வந்தார். இன்ஸ்பெக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். படிக்கிறவன் என்றால் வார்த்தையும் பொருளும் சொல்லிக்காட்டு என்றார். மெல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. விடியற்காலை பஸ்ஸில் பரீட்சைக்குப் போக வேண்டியவன் லாக்கப்பில் கிடக்கப்போகிறேன் என்று தோன்றியது.

"மெல்லச் சொன்னா இவனுக்கு வராது சார்," என்றார் அப்பா. "எலே, வீட்டுல படிக்கியது போலப் படி!"

கண்ணை மூடிக்கொண்டேன். "டெனேஷியஸ்!"

பின்பக்க லாக்கப்பில் முந்தின நாள் ஊர்வலத்தில் பிடிபட்டவர்கள் நிறைந்திருந்தார்கள். கட்டடமே அதிரப் பதில் வந்தது: "வாழ்க!"

"விடாப்பிடியானது, சார்," என்றேன்.

"மதி, மதி," என்று இன்ஸ்பெக்டர் எழுந்தார். போதும் என்று அவர் சொன்னது அப்பா காதில் விழவில்லை.

"அடுத்தது, மக்கா!"

"டிமிடிட்டி!"

"வாழ்க!" இந்த முறை கோழைத்தனத்தை வாழ்த்த ரோட்டிலிருந்தும் சில குரல்கள் சேர்ந்துகொண்டன.

இன்ஸ்பெக்டர் மேஜையில் தட்டினார். "இவனெ கொண்டு போ! இன்னும் கொஞ்ச நேரம் இவன் இவிடெ படிச்சா, ஸ்டேஷனே ஊர்வலம் போகும்!"

மறுநாள் பரீட்சை மண்டபத்தில் யாரும் இருமக்கூட இல்லை. கேள்வித்தாளில் அந்த டெனேஷியஸ் இருந்தது. உதட்டை இறுக்கிக்கொண்டு மனதுக்குள் கத்தினேன். லாக்கப்பிலிருந்து 'வாழ்க' வந்தது; அதன் வாலைப் பிடித்துப் பொருளும் வந்தது. மற்ற வார்த்தைகளையும் அப்படியே ஒவ்வொன்றாக வாழ்த்தி எழுதினேன்.

பாஸானேன், வேலையும் கிடைத்தது. சேர்ந்த சில நாளில் அப்பா ஆபீஸைப் பார்க்க வந்தார். வரிசையாக மேஜைகள், எல்லாரும் ஃபைலுக்குள் குனிந்திருந்தோம். வெகுநேரம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, என்னை ஜாடையாக வெளியே கூப்பிட்டார்.

"எலே, இங்க ஒருத்தனும் வேல செய்யல்லியா? சத்தத்தயே காணல்லியே!"