தவுக்கே மாத்திரை முழுங்கின புரட்டாசி

எங்க தொழில்ல எத்தனை வருசம் அனுபவம்னு யாரும் கேக்கிறதில்ல. கையை நீட்டினாப் போதும், கீறலைப் பார்த்தே தெரிஞ்சிக்குவாங்க.

ஈப்போ பக்கத்துல ஜெலாப்பாங்ல ஒரு மிருக வைத்தியர் கிளினிக்குல நான் கவுண்டர் பார்க்கிறேன். பேரு ஸ்டெல்லா. கவுண்டர்னா உக்கார்ந்து பில்லு போடுற வேலைன்னு நினைச்சிடாதீங்க. பூனைய அமுக்கிப் பிடிக்கணும், அலமாரிக்கு அடியில பூந்தத வெளிய இழுக்கணும், டாக்டரம்மா மலாய்ல சொல்றத தமிழ்ல சொல்லணும், வளர்க்கிறவங்க அழுதா டிசு எடுத்துக் குடுக்கணும். டாக்டரம்மா சரவாக்குல பொறந்து வளர்ந்த சீனப் பொண்ணு, ஈப்போவுக்குப் புதுசு. பூனைக்கு ஒரு தடவையாவது மாத்திரை குடுத்துப் பார்த்த பாவப்பட்ட ஜென்மங்களே, இது உங்களுக்காகத்தான். மத்தவங்க சிரிச்சிட்டுப் போங்க. உங்களுக்கும் ஒரு காலம் வரும்.

நோயாளி வரல

சுப்ரா அண்ணே லோரி ஓட்டுறவரு. தோட்டத்துல, அதான் எஸ்டேட்டுல பொறந்து, கம்பெனி அதை வித்த பிறகு இந்தப் பக்கம் குடி வந்தவரு. ஆளு கதவு அகலம். ஒரு நாள் கையில கட்டோட வந்து கவுண்டர்ல சாஞ்சி நின்னாரு. "தவுக்கேக்கு உடம்பு சரியில்ல தங்கச்சி, மருந்து வேணும்." தவுக்கேன்னா முதலாளி. முதலாளிக்கு மருந்து வாங்க எதுக்கு இங்க வந்தாருன்னு நான் முழிச்சேன். அப்புறம்தான் தெரிஞ்சது, தவுக்கேங்கிறது அவரு வீட்டு மஞ்சப் பூனை. வீட்டுல இருக்கிறதுலயே நல்ல நாற்காலி அதுக்குத்தானாம், அதனால அந்தப் பேரு.

பூனை எங்கன்னு கேட்டேன். வீட்டுல இருக்காம். நோய் என்னன்னு டாக்டரம்மா கேக்க, மனுசன் அங்கேயே நடிச்சுக் காட்ட ஆரம்பிச்சிட்டாரு. தலைய ஒரு பக்கமா சாய்ச்சாரு, கன்னத்தை உப்ப வெச்சாரு, வாயைத் திறந்து எச்சில் வடியிற மாதிரி காட்டினாரு. முயல் வெச்சிருந்த மலாய்க்கார அம்மா, மக்சிக் ஒருத்தங்க எழுந்திரிச்சி தூரமா போய் உக்கார்ந்துட்டாங்க. பூனையக் கொண்டு வராம மருந்து கிடையாதுன்னு டாக்டரம்மா சொன்னதும் அண்ணே கையிலிருந்த கட்டைக் காட்டினாரு. "நான் கூப்பிட்டேன் லா, அதுதான் வேணாம்னு இப்படிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துச்சு!"

தயிர் சாதம்

சாயங்காலம் தவுக்கே வந்து சேர்ந்துச்சு, துணிக்கூடைக்குள்ள, மேல இன்னொரு கூடையக் கவுத்து, ராஃபியா கயித்தால சுத்தோ சுத்துன்னு சுத்தி. சண்டையில வேற பூனை கடிச்சு கன்னத்துல சீழ் கட்டியிருந்துச்சு. நல்ல காய்ச்சல். டாக்டரம்மா கீறி விட்டு, ஊசி போட்டு, மாத்திரை எழுதினாங்க. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதோட ஒரு விசயத்தை என்னை ரெண்டு தடவை சொல்லச் சொன்னாங்க: இவ்வளவு குண்டுப் பூனை சாப்பிடாம கிடந்தா ஈரல் கெட்டுப் போகும், உயிருக்கே ஆபத்து. அதனால பிடிச்சதைக் குடுங்க, மீனுக்குள்ள மாத்திரைய வெச்சுக் குடுங்க.

மீனுன்னதும் அண்ணே முகம் தொங்கிப் போச்சு. வழக்கமா புரட்டாசியில அவங்க வீட்டுல சனிக்கிழமை மட்டும்தான் சைவமாம். இந்த வருசம் என்னமோ லெட்சுமி அக்கா, அதான் அவரு சம்சாரம், மாசம் பூரா வீட்டோட சைவம்னு சொல்லிட்டாங்களாம். மீன் சட்டிய மூட்டை கட்டி மேல ஏத்தியாச்சு. பூனைத் தீனிப் பாக்கெட்டுல மீன் படம் போட்டிருக்குன்னு அதையும் யாருக்கோ தூக்கிக் குடுத்தாச்சு. அப்ப தவுக்கே என்னதான் சாப்பிடுதுன்னு கேட்டேன். "தயிர் சாதம் வெச்சா தங்கச்சி. அது தட்டைப் பார்த்துச்சு, அப்புறம் என்னைப் பார்த்துச்சு பாரு ஒரு பார்வை, என்னமோ நான்தான் போய் சாமிகிட்ட வேண்டிக்கிட்ட மாதிரி!"

கடலோரத்து மைனரு

நடுவுல ஒண்ணு சொல்லிடுறேன், இல்லன்னா மறந்துடுவேன். அதே வாரம் ஹுத்தான் மெலிந்தாங்லேருந்து ஒரு அண்ணே வந்தாரு. போட்டுல போய் மீன் பிடிக்கிறவரு. அவரு பூனைக்கும் மாத்திரை. நான் பழக்கதோசத்துல மீன்ல வெச்சுக் குடுங்கன்னு சொன்னேன். மனுசன் நொந்து போயிட்டாரு. "மீனா? என் மேல மீன் வாடை அடிச்சாலே மூஞ்சியத் திருப்பிக்குது லா, அதுக்கு தினம் பொரிச்ச கோழிதான், அதுவும் கடையில வாங்கணும்!"

யாரு முழுங்கினது?

ரெண்டு நாள் கழிச்சு சுப்ரா அண்ணேகிட்டேருந்து போன் வந்துச்சு. மாத்திரைய இட்லிக்குள்ள வெச்சாராம். தவுக்கே இட்லியத் தொடல. நெய்யில தடவினாராம். நெய்ய நக்கிட்டு மாத்திரைய பளிச்சுன்னு தொடைச்சுத் தரையில வெச்சிடுச்சாம். பாதிய தின்னுட்டு மீதிய வெச்சாலாவது மனசு ஆறும். இது முழுசா, ஈரம் கூட இல்லாம வெச்சிருக்கு. சரி, துண்டுல சுத்தி, மடியில வெச்சு, வாயைத் திறந்து, நாக்குக்குப் பின்னால போடுங்கன்னு நான் சொல்லிக் குடுத்தேன். எப்படித் திறக்கிறதுன்னு தவுக்கேக்குப் புரியட்டும்னு அண்ணே தானும் வாயைத் திறந்து காட்டியிருக்காரு. பூனை ஒரு உதை விட்டுச்சு. மாத்திரை பறந்துச்சு. அரை மணி நேரம் கழிச்சு மறுபடி போன். "தங்கச்சி, சோபாவுக்கு அடியிலயும் தேடிட்டேன், மாத்திரையக் காணோம். ஆனா எனக்கு ஏன் வாய் இப்படிக் கசக்குது?"

பெருமாள் எந்த கிளினிக்கு?

மறுநாள் லெட்சுமி அக்காவே கூடையத் தூக்கிட்டு வந்துட்டாங்க. அண்ணே சொன்னதெல்லாம் கேட்டு நான் ஒரு ராட்சசிய எதிர்பார்த்திருந்தேன். வந்தவங்க சின்ன உருவம், கண்ணு ரெண்டும் வீங்கியிருந்துச்சு. தவுக்கே கூடைக்குள்ள துணி மாதிரி கிடந்துச்சு. என்னைக் கூட கீறல. அதைப் பார்த்ததும் எனக்கு பயம் வந்துடுச்சு. கீறாத பூனைய நாங்க நம்புறதில்ல.

ஏன் இன்னும் சாப்பிடலன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அக்கா உடைஞ்சு போயி சொன்னாங்க. பூனைக்குக் காய்ச்சல் வந்த அன்னிக்கே வேண்டிக்கிட்டாங்களாம்: பெருமாளே, தவுக்கேயக் காப்பாத்து, மாசம் முடியிற வரைக்கும் எங்க வீட்டுக்குள்ள மீன் வாடையே வராது. பூனை பொழைக்கணும்னு விரதம், அந்த விரதத்தால பூனை பட்டினி! வாக்கை மீறினா சாமி எடுத்துக்கும், மீறாட்டிப் பசி எடுத்துக்கும். பாவம், அவங்க எந்தப் பக்கம் போவாங்க? டிசுப் பெட்டிய அப்படியே தள்ளிக் குடுத்தேன், நானும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன்.

நாளைக்குள்ள சாப்பிடலன்னா இங்கேயே படுக்க வெச்சு மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. பெருமாள் மீன் வேணாம்னு சொல்லியிருக்காருன்னு நான் அவசரத்துல பாதி மலாய்லயும் பாதி தமிழ்லயுமா விளக்கினேன். கேட்டதும் டாக்டரம்மாவுக்குக் கோபம் வந்துடுச்சு, பேனாவ மேசையில வெச்சாங்க. "என்னோட நோயாளிக்கு எதுக்கு அவரு சாப்பாடு எழுதிக் குடுக்கிறாரு? அந்த டாக்டர் பெருமாளை எனக்கு போன் பண்ணச் சொல்லுங்க!"

பவுடர் போட்ட முகம்

குழாய் போட வேண்டி வரல. நாலு நாள் கழிச்சு அண்ணே தவுக்கேயோட கட்டியக் காட்ட வந்தாரு, முகமெல்லாம் பல்லு. பக்கத்து வீட்டுல தனியா இருக்கிற சீன ஆன்டி, இவங்க ஆ சோன்னு கூப்பிடுறவங்க, வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கை காட்டிக் கூப்பிட்டாங்களாம். போய்ப் பார்த்தா தட்டுல அவிச்ச கெம்போங் மீன். தவுக்கே மாத்திரையோட சேர்த்து முழுங்கிட்டு இன்னும் கேட்டுச்சாம். அன்னிலேருந்து காலையும் சாயங்காலமும் காத்தாட கூட்டிட்டுப் போறேன்னு அக்காகிட்ட சொல்லிட்டு, கூடையோட ஆ சோ வீட்டுக்குப் போயிடுறாரு. தோட்டத்துல பெரட்டுக்கு ஆள் கணக்கெடுக்கையில நிக்கிற மாதிரி, நேரம் வந்தா தவுக்கேயே கேட்டுல போய் நிக்குதாம்.

எல்லாம் சரி, பூனை மூஞ்சி ஏன் வெள்ளையா இருக்கு? புதுசா ஏதோ தோல் வியாதின்னு டாக்டரம்மா கண்ணாடிய மாட்டிக்கிட்டு பக்கத்துல போனாங்க, போனவங்க தும்மினாங்க. அண்ணே என் காதுகிட்ட குனிஞ்சாரு. "மீன் வாடை தெரியக் கூடாதுன்னு பவுடர் அடிச்சி விட்டேன் லா. வீட்டுக்காரி மோப்பம் பிடிச்சான்னா தவுக்கேயும் நானும் சேர்ந்து ரோட்டுல நிப்போம்!"

வேலிக்கு அந்தப் பக்கம்

கடைசித் தடவை ரெண்டு பேருமா வந்தாங்க. காய்ச்சல் இல்ல, வீக்கம் இல்ல, எடை கூடியிருந்துச்சு. தராசு மேல வெச்ச உடனே என் கையில ரெண்டு கோடு போட்டுச்சு. வலிச்சாலும் சந்தோசமா இருந்துச்சு, நிசமா. என்ன குடுத்தீங்கன்னு டாக்டரம்மா கேட்டாங்க. அண்ணே கண்ணு கூட சிமிட்டல. "தயிர் சாதம்" அப்படின்னாரு. டாக்டரம்மா அதை ஆச்சரியமா எழுதிக்கிட்டாங்க. அக்கா மேல பார்த்துக் கும்பிட்டாங்க.

அண்ணே வெளிய நிறுத்தியிருந்த காடிய எடுக்கப் போனாரு. அக்கா கவுண்டர்கிட்ட வந்து குரலைத் தணிச்சு, "கெம்போங்ல முள்ளு ஜாஸ்தி, ஆ சோ கண்ணு சரியாத் தெரியாம ஒவ்வொண்ணா எடுக்கிறாங்க, முள்ளு கம்மியா வேற எது நல்லது?"ன்னு கேட்டாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். அன்னிக்கு அழுதுட்டுப் போன மறுநாளே பசாருக்குப் போயி, மீனை வாங்கி, வீட்டு வாசல் கூட மிதிக்காம நேரா ஆ சோ கையில குடுத்தது இவங்கதானாம். அண்ணனைக் கூப்பிடச் சொன்னதும் இவங்கதானாம். அப்ப வேண்டுதல்? "எங்க வீட்டுக்குள்ள வராதுன்னுதான பெருமாள்கிட்ட சொன்னேன். ஆ சோ வீட்டைப் பத்தி நான் வாயே திறக்கலையே" அப்படின்னாங்க. சரி, அண்ணன்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பாவம் பவுடர் எல்லாம் வாங்கிக் கஷ்டப்படுறாரேன்னு கேட்டேன். அக்கா பதறிப் போயி என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. "ஐயோ, சொல்லித் தொலைச்சிடாத தங்கச்சி! நான் செய்யச் சொன்னா அந்த மனுசன் மறந்துடுவாரு, எனக்குத் தெரியாம செய்யிறதுன்னா ஒரு வேளை தவற மாட்டாரு."

பூனைக்கு மாத்திரை குடுக்க ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் வாயைத் திறக்கணும்னுதான் நாங்க இத்தனை நாளா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துக்கிட்டிருந்தோம், மூணாவதா ஒருத்தர் ஒண்ணுமே தெரியாத மாதிரி பக்கத்துல நிக்கணும்ங்கிறது இப்பத்தான் தெரியுது.