அத்தையின் பேரில் ஒரு நடிகை

முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெருமுனையில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில், அத்தையின் பெயருக்கு மேல் வேறொரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் சுருண்ட முடி, காதில் தொங்கட்டான், எங்கோ பார்க்கும் பெரிய கண்கள். பேசாத படக் காலத்து நடிகை அவள். ஆட்டோவிலிருந்து இறங்கிய நான் வந்த அழுகையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான கையோடு புருஷனைப் பறிகொடுத்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பாட்டிலுக்கு மூடி போடும் வேலை. திக்குவாய். கடையில் உப்பு கேட்டால்கூட நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள், அதனால் வீட்டிலும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவளுடைய தகரப் பெட்டியில், சேலைகளுக்கு அடியில் அந்த நடிகையின் படம் இருந்தது. எங்கள் தாத்தாவும் லேசுப்பட்டவர் இல்லை. இளவயதில் டென்ட் கொட்டகையில் பார்த்துச் சொக்கிப்போய் வாங்கி வைத்த படம். அவள் நடித்த எதையும் அத்தை பார்த்ததில்லை. இனி யாரும் பார்க்கவும் முடியாது, ஒன்றும் மிஞ்சவில்லை. ஆனாலும் அவள் மேல் அத்தைக்கு அப்படியொரு பாசம். பக்கத்தில் படுக்கும் எனக்கு மட்டும் எடுத்துக் காட்டுவாள். "இவ வாயத் தொறக்கவே தேவயில்ல. வந்து நின்னாலே கொட்டா ரொம்பிடுமாம். அப்பால பேசுற படம் வந்துச்சு, இவ வேணாம்னுட்டானுங்க" என்பாள். இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு வெகுநேரம் பிடிக்கும். நான் காத்திருப்பேன்.

தன்னைப் படமெடுக்க மட்டும் விடமாட்டாள். வீட்டு விசேஷப் படங்களில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் அவள் கொண்டைதான் தெரியும். மிச்சம் இருந்தது ஆதார் அட்டையில் கரிக்கட்டை மாதிரி ஒரு முகம். அது உதவாது என்றிருக்கிறார் பேனர் கடைக்காரர். பெட்டியைத் திறந்த என் தம்பி, இந்தப் படத்தை அத்தையின் இளவயதுப் படம் என்று நினைத்து எடுத்துக் கொடுத்துவிட்டான்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துவிட்டது. "இப்ப இன்னாக்கா பண்ண சொல்ற? ஊரே பாத்துட்ச்சு. சின்ன வயசுல எம்மாம் அழகா இருந்துகீதுன்னு அல்லாரும் சொல்லிட்டுப் போறாங்க. வுடுக்கா" என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உயிரோடு இருந்தவரை அத்தையை அழகு என்று ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது அந்தப் படம் சட்டம் போட்டு, சந்தனம் குங்குமத்தோடு கூடத்தில் மாட்டியிருக்கிறது. தம்பியின் பிள்ளைகளுக்கு அந்த நடிகைதான் ஆயா. வருஷா வருஷம் அத்தை செத்த நாளில், அத்தைக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பை இலையில் ஊற்றி அவள் முன்னால் படைக்கிறார்கள். கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடினால் எனக்கும் அந்த நடிகையின் முகம்தான் வருகிறது. அத்தையின் முகம் வரமாட்டேன் என்கிறது. வேண்டாமென்று தள்ளப்பட்டவளுக்கு இப்படியாவது ஒரு வீடு கிடைத்ததே என்று மனதைத் தேற்றிப் பார்க்கிறேன், தேறவில்லை.

படையல் போட்டதும், செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நிற்போம். அத்தையும் எங்களோடு வெளியேதான் நிற்பாள் என்று தோன்றும். எந்த விசேஷமானாலும் எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் இலையில் உட்காருவாள்.