கொட்டகையில் தெளிந்தவர்

என் கணவர் சாராயம் குடிப்பார். மதுவிலக்கு இருந்த காலம்தான். ஆனாலும் கீரனூர்ப் பக்கம் முள்ளுக்காட்டுக்குள் காய்ச்சுகிறவர்கள் இருந்தார்கள். குடித்துவிட்டு வந்தால் என் தலைமுடியைப் பிடித்து இழுத்து அடிப்பார். எங்களுடையது தலைமுறை தலைமுறையாக மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம். மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். ஒன்றும் மாறவில்லை.

சிலோனிலிருந்து திரும்பிய பெந்தெகொஸ்தே ஊழியர் ஒருவர் ஊருக்கு வெளியே கொட்டகை போட்டு ஜெபம் நடத்தினார். அவரும் ஒரு காலத்தில் குடித்தவராம். என் தம்பி என் கணவரை வண்டியில் ஏற்றி அங்கே கொண்டுபோனான், நானும் கூடப் போனேன்.

"இங்கேயே கெடக்கட்டும்மா. கர்த்தர் பாத்துக்குவாரு" என்றார் ஊழியர்.

குடி நின்றதும் இவருக்குக் கைகால் உதறியது. கூரையிலிருந்து எறும்பு கொட்டுவதாக அலறினார். பிசாசு போகிறது என்றார்கள். இரண்டு பேர் அமுக்கிப் பிடிக்க, ஊழியர் தலையில் கைவைத்துத் தொண்டை கட்டும்வரை ஜெபித்தார். சுற்றியிருந்தவர்கள் அழுதார்கள். நான் கஞ்சிச் சட்டியோடு உட்கார்ந்திருந்தேன். செத்துப்போவாரோ என்று தோன்றியது. பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

சாகவில்லை, தெளிந்தார். கண்மாயில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தார். ஈர வேட்டியோடு கரையேறி நேரே என்னிடம் வந்தார்.

"நீயும் எறங்கு புள்ள. தோட்டக் கழட்டிடு."

அந்தச் சபையில் பெண்கள் நகை போடக் கூடாது. காதுத் தோட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். தண்ணீரில் இறங்கவில்லை.

"ஒனக்குச் சந்தோசமில்லையா?"

"இருக்குங்க" என்றேன்.

அதன்பின் அவரே குடிகாரர்களுக்கு ஜெபிக்கத் தொடங்கினார். சிலர் திருந்தினார்கள், சிலர் கொட்டகையிலிருந்து நேரே முள்ளுக்காட்டுக்குப் போனார்கள். எல்லோர் தலையிலும் அவர் கை வைப்பார். என் பக்கம் அந்தக் கை நீண்டால் மட்டும் என் கழுத்து தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருநாள் அதைக் கவனித்துவிட்டார். பிறகு எனக்காக ஜெபிக்கும்போது கைகளை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அரிமளத்திலிருந்து புருஷனைக் கூட்டி வந்த சின்னப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள்.

"நெசமாவே இப்பக் குடிக்கிறதில்லையாக்கா?"

"இல்லம்மா."

"அடிக்கிறது?"

"அதுவும் இல்ல."

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க."

அவள் சொன்னது சரிதான் என்று நினைத்தேன். ஆனால் மனசு மரக்கட்டையாகத்தான் இருந்தது.

சாகும்வரை அவர் சாராயத்தைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கொட்டகைக்குப் போவார், நான் பூசைக்குப் போவேன். மத்தியானம் இருவரும் வீடு திரும்பிச் சேர்ந்து சாப்பிடுவோம். குழம்பு நன்றாக இருக்கிறது என்பார்.